குசினிக் கதவின் துளைத்தகடு

பழைய யன்னல்களில் குளிர்காற்று எந்த இடத்தால் உள்ளே வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையை வைத்துப் பார்க்கலாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் கை விறைத்துவிடும், பிறகு எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் தெரியும். எங்கள் குழுவில் முதலில் மெழுகுதிரி பிடித்துப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் திரைச்சீலையின் ஓரம் கருகிய பின் அதை விட்டுவிட்டார்கள். அடுத்த கிழமை நான் வீட்டுச் சாமித்தட்டில் இருந்த ஊதுபத்திப் பெட்டியைக் கொண்டுபோனேன். புகை நேராக மேலே போனால் அந்த இடத்தில் பிழையில்லை. வளைந்தால் அங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. வளைகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். எனக்குப் பின்னால் வரும் தச்சர் அந்தக் கோட்டைப் பார்த்து நுரைப்பட்டி ஒட்டுவார். வயதான ஒரு ஜேர்மன் அம்மா மட்டும், இது ஏதாவது பூசையா என்று கேட்டார். தச்சர் யோசித்துவிட்டு, "குளிருக்கு எதிரான பூசை" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன நீளமான வசனம் அதுதான்.

இரண்டு குளிர்காலங்களாக இதுதான் என் சனிக்கிழமை வேலை. சம்பளம் கிடையாது. கொலோனில் எங்கள் பகுதியில் இருக்கும் மண்டபம் ஒன்றின் நிலவறையில் சாமான்கள் வைத்திருக்கிறோம். யன்னலுக்கு ஒட்டும் நுரைப்பட்டி, கதவின் அடியில் பூட்டும் தூரிகைப்பட்டி, ஹீற்றருக்குப் பின்னால் சுவரில் ஒட்டும் வெள்ளித்தாள். ஓய்வூதியம் போதாத வயதானவர்கள் கேட்டால் இரண்டிரண்டு பேராகப் போய் ஒட்டிக் கொடுப்போம். பெரிய திருத்தவேலை செய்ய எங்களுக்கு அனுமதியும் இல்லை, அறிவும் இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் விருப்பத்தால் என்று சொல்ல முடியாது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே தன் கணவரைப் பார்க்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் இந்தக் குழுவை நடத்துகிறார். ஒருநாள் கணவரின் ஸ்வெற்றரைத் தேடிக் கீழே வந்தவர், "தமிழ் அம்மாக்கள் சிலர் எங்களைக் கண்டால் கதவைத் திறக்கிறார்கள் இல்லை. நீங்கள் கூட வருவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டும். ஓம் என்றால் காரணம் தேவையில்லை. நான் ஓம் என்றேன்.

என்னைத் தச்சரோடு சேர்த்துவிட்டார்கள். எழுபது வயது இருக்கும். வாழ்நாள் முழுக்க யன்னல் செய்தவர். அவரும் என்னைப்போல் அதிகம் பேசமாட்டார். காலையில் வணக்கம் சொல்வார், ஒன்பதரைக்குத் தன் பாண் பொதியைப் பிரித்துச் சாப்பிடுவார், வேலை முடிந்ததும் வணக்கம் சொல்வார். எனக்கு அது நல்ல வசதியாக இருந்தது. பதினொராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, இருபத்துநான்கு வயதில் கலியாணம் முடித்து இங்கே வந்தவள் நான். வேலைக்குத் தேவையான ஜேர்மன் தெரியும். அதற்கு மேல் ஒருவர் ஏதாவது கேட்டால் வாயில் சொல் வருவதற்குள் அவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஆகவே நான் கேள்வி கேட்பதில்லை. என்ன சொல்கிறார்களோ அதைச் செய்வேன். நான் செய்த பிழைக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

சென்ற வருடம் நவம்பரில், பிள்ளைகளின் மார்ட்டின் விளக்கு ஊர்வலம் முடிந்த கிழமை, ரைனுக்கு அந்தப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனோம். மின்தூக்கி இல்லை. அங்கே எழுபத்தாறு வயதான ஒரு தமிழ் அம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்து ஐந்து வருடம். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்றார்.

"வாங்கோ, வாங்கோ. சப்பாத்தைக் கழட்டாதை பிள்ளை, நிலம் ஐஸ். அவரையும் கழட்டவேண்டாம் எண்டு சொல்லு."

தச்சர் அதற்குள் கழற்றிவிட்டார். தமிழர் வீட்டில் கழற்ற வேண்டும் என்று போன வீட்டில் படித்திருந்தார்.

வீட்டுக்குள் அன்ரி சேலைக்கு மேலே ஸ்வெற்றர், அதற்கு மேலே கணவரின் ஜக்கெற். இரண்டு அறை, ஒரு குசினி, குளியலறை. மர யன்னல்கள். நான் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையின் பெரிய யன்னலுக்குப் போனேன். புகை மேலே போகவே இல்லை, படுத்துக்கொண்டே போனது.

"பாத்தியே? இதுக்குப் பக்கத்திலைதான் நான் நித்திரை கொள்ளுறன்," என்றார் அன்ரி. பிறகு, தச்சரைக் கண்ணால் காட்டி, "இந்த மனிசன் வாயே திறவாதோ?"

"வேலை நல்லாச் செய்வார், அன்ரி."

"நீயும் கதைக்கிறாய் இல்லை, அவரும் கதைக்கிறார் இல்லை. ரெண்டு பேரையும் எங்கை பிடிச்சவை?"

நாங்கள் வேலை செய்யச் செய்ய அவர் கதையைச் சொன்னார். மகள் ஒருத்தி, டார்ம்ஸ்டாட் பக்கம் வேலை. போன மாசியில் வந்தபோது அம்மா படுக்கையில் கையுறை போட்டுக்கொண்டு படுத்திருந்ததைக் கண்டுவிட்டாள். அன்றைக்கே சொல்லிவிட்டாளாம்: அடுத்த குளிருக்கும் வீடு இப்படிக் கிடந்தால் தன் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக. அங்கே பெயரும் பதிந்தாயிற்று. இடம் கிடைத்தால் அறையைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு தெர்மின், நாளும் நேரமும் குறித்து, தருவார்கள்.

"அவள் பாவம், வெறுப்பிலை சொல்லேல்லை. ஆனா எனக்கு இங்கை ட்ராம் தெரியும். கடை தெரியும். கோயிலுக்குத் தனியப் போய்வருவன். அங்கை போனா யன்னலாலை பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பிள்ளை, இந்தக் குளிரை மட்டும் நிப்பாட்டித் தா. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்."

நான் வேலை செய்யும் இல்லம் மோசமான இடம் இல்லை. சுத்தமாக வைத்திருக்கிறோம். ஆனால் அங்கே முன்பு ஒரு தமிழ் அம்மா இருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஜேர்மன் மறந்துபோனது. ஒருநாள் என்னைச் சலவையிலிருந்து மேலே கூப்பிட்டார்கள், அவர் என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை என்று. குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாகக் கேட்டிருக்கிறார். அவர்கள் ஒவ்வொரு முறையும் சோடாத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். நான் இதை அன்ரியிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் நுரைப்பட்டியை வழக்கத்தைவிட அழுத்தி ஒட்டினேன்.

குசினிக்குள் போனபோது தச்சர் யன்னலைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் தொங்கிய வெள்ளைக் காஸ் பெட்டியைப் பார்த்தார். குளிக்கிற தண்ணீரையும் ஹீற்றர்களையும் அதுதான் சூடாக்குகிறது. பார்த்துவிட்டு, "குசினியில் ஒன்றையும் தொடவேண்டாம்" என்று சொல்லி வெளியே போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சமைக்கும்போது குசினி தானாகச் சூடாகும், அங்கே பட்டியைச் செலவழிக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வானில் இருந்த தூரிகைப்பட்டியை எடுக்கக் கீழே இறங்கினார். மூன்று மாடி இறங்கி ஏற அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அன்ரி என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தார். கீழே படிக்கட்டில் யாரோ ஒட்டிவிட்ட தாள். சமைக்கும்போது வீட்டுக் கதவுகளை மூடி வைக்கவும், படிக்கட்டு முழுவதும் மணக்கிறது என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. இந்தப் படிக்கட்டில் எட்டுக் குடும்பம். ஆனால் அது தனக்குத்தான் என்று அன்ரிக்குத் தெரியும்.

"மகளைக் கொண்டு வாசிப்பிச்சனான். அண்டையிலையிருந்து மீன் பொரிக்கிறதெண்டா எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகுதான். கதவுக்குக் கீழை துவாய் வைக்கிறன். ஆனா உதாலை போகுது பார்."

குசினிக் கதவின் அடிப்பகுதியில் ஒரு துளைத்தகடு இருந்தது. வெள்ளை நிறம், முழங்கை நீளம், வரிவரியாகத் துளை.

"உதை மூடிவிடு பிள்ளை. உன்னட்டைத்தானே வெள்ளித்தாள் இருக்கு."

அந்த வெட்கத்தை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பொரியல் என்றால் குளிர் ஜக்கெற்றுகளைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ட்ராமில் என் கையை நானே மணந்து பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கூட வேலை செய்த ஒருத்தி நான் உள்ளே வந்ததும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்துபோய் யன்னலைத் திறந்தாள். அது நடந்து எத்தனையோ வருடம். இன்றைக்கும் யாராவது யன்னலைத் திறந்தால் எனக்காகத்தான் என்று நினைப்பேன்.

ஆகவே நான் தாளை அளந்து வெட்டினேன். மூலைகள் உரியாமல் இருக்க வட்டமாக வெட்டினேன். குசினிப் பக்கத்திலிருந்து ஒட்டி, விரலால் நாலு பக்கமும் நீவிவிட்டேன். ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே போனது. அன்ரி என் கன்னத்தைத் தொட்டார்.

தச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது நான் அதைச் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்வதென்றால் மணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சமையல் மணத்தைப் பற்றி ஒரு ஜேர்மன்காரருக்கு என் வாயால் எப்படிச் சொல்வது? அவர் குசினிக் கதவைப் பார்க்கவில்லை, அது திறந்து சுவரோடு கிடந்தது. அன்ரி பொரித்து வைத்திருந்த மீன் றோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டார், மூன்றாவதைக் கடுதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை அன்ரி போன் எடுத்தார்.

"பிள்ளை, யன்னலாலை ஒரு சொட்டுக் காத்தும் வரேல்லை. கெட்டிக்காரி. ஆனா காஸ் பெட்டி இடைக்கிடை நிண்டுபோகுது."

எங்கள் வீட்டுப் பெட்டியும் எப்போதாவது நிற்கும். "முன்னுக்கு ஒரு பொத்தான் இருக்கு, அன்ரி. அதை அமத்திப்போட்டு விடுங்கோ. வரும்."

வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்தார். "அமத்தினா வருது. சோறு அவியிறதுக்கிடையிலை திரும்ப நிக்குது. இண்டைக்கு ஆறு தரம் அமத்திப்போட்டன். ஹீற்றர் எல்லாம் ஆறிப்போய்க் கிடக்கு. முந்தியைவிடக் குளிர், பிள்ளை. தலையும் இடிக்குது."

"குளிருக்குத்தான் தலை இடிக்கும். போத்துக்கொண்டு படுங்கோ. வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ, ஆள் அனுப்புவினம்."

"திங்கக்கிழமை எடுத்துச் சொல்லுறன். அதுக்கிடையிலை நாளைக்கு மகள் வாறாள். அந்த இடத்திலை அறை வந்திட்டுதாம், பின்னேரம் தெர்மின். இந்தக் குளிருக்கை அவள் வந்து நிண்டாளெண்டா..." அவர் முடிக்கவில்லை. "சரி, நீ வை."

நான் போனை வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். பெட்டி பழசு என்று நினைத்தேன். நாங்கள் ஒட்டியது சரியாகத்தான் இருக்கிறது, பெட்டியால் கெடுகிறதே என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. தச்சரும் நானும் ஒரு ஜேர்மன் ஐயாவின் வீட்டில் இருந்தோம். அவருடைய குளியலறையில் ஒரு காஸ் பெட்டி. தச்சர் முழங்காலில் இருந்து, குளியலறைக் கதவின் அடியில் இருந்த துளைத்தகட்டைப் பல்துலக்கும் தூரிகையால் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஐயா, இதை எதற்கு மினக்கெட்டுத் துடைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"உள்ளே இருக்கும் நெருப்பு மூச்சு விடுவது இதனால்தான்," என்றார் தச்சர். "யன்னலையும் இறுக்கி இதையும் அடைத்தால், புகை குழாயால் மேலே போகாது. அறைக்குள் வரும். அதில் நஞ்சு இருக்கும். மணமே இருக்காது. தலை இடிக்கும், நித்திரை வரும், பிறகு எழும்பமாட்டீர்கள்."

நான் கையில் ஊதுபத்தியோடு நின்றேன். சாம்பல் என் சப்பாத்தில் விழுந்தது.

"குசினியிலும் அப்படியா?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

"எங்கே பெட்டி இருக்கிறதோ அங்கே. அதனால்தான் அன்றைக்குத் தொடவேண்டாம் என்றேன்."

எனக்கு ஜேர்மன் வரவில்லை. "நான் ஒட்டினேன்" என்றேன். "அந்த அம்மா வீட்டில். கதவில். வெள்ளித்தாள்." கையால் அந்தத் தகட்டின் மேல் தாள் ஒட்டுவது போலக் காட்டினேன். "அவருக்குத் தலை இடிக்கிறது."

அவர் தூரிகையைக் கீழே போட்டார். "போன் எடுங்கள். பெட்டியை நிறுத்தட்டும், யன்னல் எல்லாவற்றையும் திறக்கட்டும், வெளியே படிக்கட்டுக்குப் போகட்டும்." அவர் தன் போனை எடுத்துத் தீயணைப்புக்கு அடித்தார்.

போன் நெடுநேரம் அடித்தது. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ அடிக்கும்போது அன்ரி எடுத்தார்.

"அன்ரி, காஸ் பெட்டியை நிப்பாட்டுங்கோ. யன்னலைத் திறந்துபோட்டு வெளியிலை போங்கோ."

"உனக்கென்ன விசரே? இந்தக் குளிருக்கை யன்னலைத் திறக்கவோ? இப்பதான் மகளும் வந்தவள்."

"அன்ரி, நஞ்சுக் காத்து. கெதியாப் போங்கோ!"

நான் வாழ்க்கையில் யாரையும் அப்படிச் சத்தம் போட்டது கிடையாது. ஜேர்மன் ஐயா தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். போனில் மகளின் குரல், "அம்மா, என்னவாம்?" பிறகு யன்னல் கொக்கி திறக்கும் சத்தம்.

வானில் போகும்போது, ஏன் மூடினேன் என்பதைத் தச்சருக்குச் சொன்னேன். மணம் என்பதற்கு, நாற்றம் என்று பொருள்படும் ஜேர்மன் சொல்தான் வாயில் வந்தது. அதையே சொன்னேன். அவர் சிவப்பு விளக்கில் நின்று, "எனக்கு அந்த றோல்ஸ் பிடித்தது" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. படிக்கட்டில் குடியிருந்த அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். அன்ரி நடுவில் ஒரு நாற்காலியில், கணவரின் ஜக்கெற்றோடு. யாரோ ஒரு அயலவர் நாற்காலி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அம்புலன்ஸ்காரர் அன்ரியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தத்தில் நஞ்சு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆபத்தில்லை, இன்றைக்கே ஒரு டொக்டர் பார்க்கட்டும் என்றார். அன்ரி என்னைக் கண்டதும் மெதுவாகச் சொன்னார்:

"மணத்துக்குப் பயந்து மூடினம். இப்ப பார், முழுச் சனமும் றோட்டிலை."

மேலே போய் அளந்து முடித்த தீயணைப்பு வீரர் இருவர் கீழே வந்தார்கள். பெட்டியின் உள்ளே ஒரு கருவி இருக்கிறதாம். புகை திரும்பி வந்தால் அது பெட்டியை நிறுத்திவிடும். அதுதான் திரும்பத் திரும்ப நின்றிருக்கிறது. அந்த நிறுத்தத்தால்தான் அன்ரி உயிரோடு இருந்தார். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமத்தச் சொன்னது நான்.

ஒரு வீரர் அந்த வெள்ளித்தாளைக் கையில் வைத்திருந்தார். உரித்தெடுக்கச் சிரமப்பட்டிருக்க வேண்டும், ஒரு பக்கம் கிழிந்திருந்தது. யார் இதை ஒட்டியது என்று மகளிடம் கேட்டார். மகளுக்கு நாற்பது வயது இருக்கும். கட்டட வாசலில் அவள் கொண்டுவந்த சின்ன சூட்கேஸ் நின்றது.

மகள் தாயிடம் தமிழில் கேட்டாள். "அம்மா, இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான்," என்றார் அன்ரி.

"நீங்களோ?"

"ஓம். மணம் போகுதெண்டு ஒட்டினனான்."

மகள் சுவரில் சாய்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "அம்மா, இதுக்குத்தான் நான் சொன்னனான். குளிர் ஒரு பக்கம் கிடக்கட்டும். என்ன செய்யிறியள் எண்டு உங்களுக்கே விளங்கேல்லை. இனித் தனிய விட ஏலாது. வாங்கோ, டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு அப்பிடியே அந்த முதியோர் ஹைமுக்குப் போவம். அந்த அறையை எடுப்பம்."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்கு வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். தன் வீட்டைத் தானே கொடுக்கிறார் என்று சொல்லும்போது அவருக்கு விளங்கியிருக்காது. இப்போது விளங்கியிருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற ஆள் இல்லை அவர். சேலைத் தலைப்பை ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

அவர்கள் பேசியது தமிழில். வீரருக்கு விளங்கவில்லை, தச்சருக்கும் விளங்கவில்லை. தச்சர் ஏதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தது முட்டாள்தனம். அவர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேலே மூன்றாம் மாடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சூட்கேஸின் பிடியைத் தொட்டுவிட்டாள்.

"தங்கச்சி," என்றேன். சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது. "தங்கச்சி, அம்மா ஒட்டேல்லை. நான்தான் ஒட்டினது."

"நீ சும்மா இரு பிள்ளை," என்றார் அன்ரி.

"இல்லை அன்ரி. தங்கச்சி, தாளின்ரை மூலையைப் பாருங்கோ, கத்தரிக்கோலாலை வட்டமா வெட்டினது. அம்மாவிட்டை உந்தத் தாளும் இல்லை. அவ கேட்டவ, நான் ஒட்டினனான். குசினியைத் தொடவேண்டாமெண்டு இவர் எனக்குச் சொன்னவர். நான் ஏனெண்டு கேக்கேல்லை. பெட்டி நிக்குதெண்டு அம்மா எனக்கு ரெண்டு தரம் போன் எடுத்தவ. நான்தான் பொத்தானை அமத்துங்கோ எண்டனான். வீடு குளிர்ந்ததும் அதாலைதான்."

மகள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் என்ரை அம்மாவைக் கொல்லப் பாத்தனீங்கள்."

"ஓம்," என்றேன்.

"ஏய், அவளை ஏன் பேசுறாய்?" என்று அன்ரி எழும்பினார். "நான் கேட்டுத்தானே ஒட்டினவள். உனக்குப் பேசவேணுமெண்டா என்னைப் பேசு. ஆனா மூளை பிசகிப்போச்செண்டு மட்டும் சொல்லாதை!"

மகள் அழுதாள். பிறகு அந்த வீரரிடம் ஜேர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள், என்னைக் கைகாட்டி. அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்தப் பின்னேரம் தெர்மினுக்கு அவர்கள் போகவில்லை. டொக்டரிடம் போய் இரத்தம் கொடுத்து வந்தார்கள். மகள் இரண்டு நாள் அங்கேயே தங்கினாள். திங்கட்கிழமை, வீடுகளின் புகைக்குழாயையும் காஸ் பெட்டியையும் சோதிக்கும் புகைபோக்கிக்காரர் வந்து பெட்டியை அளந்தார். துளைத்தகடு திறந்திருந்தால் பெட்டி சரியாக வேலை செய்கிறது. ஆனால் மற்ற அறைகளில் நாங்கள் யன்னல்களை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டோம் என்றார். நான் அழுத்தி ஒட்டிய பட்டியில் ஒரு சாண் துண்டை, பெரிய யன்னலின் மேல் பக்கத்தில், தச்சர் கத்தியால் வெட்டி எடுத்தார். கட்டிலின் பக்கம் காற்று வராத இடமாகப் பார்த்து வெட்டினார். பெட்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஹீற்றர்கள் சுட்டன.

குழுவின் கூட்டத்தில் நான் இதையெல்லாம் எழுந்துநின்று சொல்லவேண்டியிருந்தது. வீட்டில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தனியாக ஒன்றும் ஒட்டக்கூடாது என்று முடிவானது. அது சரியான முடிவு. காஸ் பெட்டி உள்ள வீடுகளுக்குப் புகைபோக்கிக்காரரைக் கேட்காமல் போவதில்லை என்றும் முடிவானது. இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று தச்சர் சொன்னார். தானும் ஏன் என்று சொல்லாமல் தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார்.

படிக்கட்டில் அந்தத் தாளை எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. நாற்காலி கொடுத்தவராகவும் இருக்கலாம். அன்ரி இப்போது மீன் பொரிக்கும்போது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு குசினி யன்னலை முழுவதாகத் திறந்துவிடுகிறார். எட்டுக் குடும்பத்துக்கும் பதிலாகத் தெருவுக்கே மணக்கட்டும் என்கிறார்.

மகள் அந்த இல்லத்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவிலிருந்து பெயரை எடுக்காமல், அந்த அறையை மட்டும் இப்போதைக்கு வேறொருவருக்கு விட்டாள். பங்குனி வரைக்கும் பார்ப்போம் என்றாள். சுவரில் ஒரு வெப்பமானியும், அதற்கு மேலே நஞ்சுக் காற்றுக்குக் கத்துகிற ஒரு கருவியும் மாட்டினாள். காலையில் ஒவ்வொரு நாளும் வெப்பமானியில் இருக்கும் எண்ணைப் போனில் சொல்லவேண்டும், இருபதுக்குக் கீழே மூன்று நாள் இருந்தால் தான் வந்து கூட்டிக்கொண்டு போவதாக நிபந்தனை. என்னோடு அவள் அதன் பிறகு கதைத்தது ஒரே ஒரு தரம். அம்மாவின் வீட்டுக்கு நீங்கள் போகலாம், ஆனால் கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள் என்றாள்.

அப்படித்தான் போய்வருகிறேன், வெறுங்கையோடு. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் ஏறினேன். வெளியே உறைபனி. அன்ரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர் வெப்பமானிக்கு முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இருபத்தொண்டு," என்றார் மகளுக்கு. "ஓம், இருபத்தொண்டு. இந்தப் பிள்ளையும் நிக்கிறாள், வேணுமெண்டாக் கேள்."

போனை என் பக்கம் நீட்டினார். நான் வெப்பமானியைப் பார்த்தேன். பத்தொன்பது. அன்ரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தங்கச்சி, ஒரு நிமிசம் இருங்கோ," என்று போனை மேசையில் வைத்தேன். பெரிய யன்னலுக்குக் கீழே இருந்த ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தேன். அதன் திருகியை இரண்டில் வைத்திருந்தார். நான்குக்குத் திருப்பினேன். அன்ரி பல்லைக் கடித்துக்கொண்டு, "காஸ் பில் ஏறும், காஸ் பில் ஏறும்" என்றார், போனுக்குக் கேட்காத குரலில்.

"இப்ப பத்தொன்பது," என்றேன் போனில். "ஹீற்றரைக் கூட்டிவிட்டிருக்கிறன். அரை மணித்தியாலத்திலை திரும்ப எடுத்துக் கேளுங்கோ. நான் இங்கைதான் நிப்பன்."

வேலைக்குப் பிந்தும் என்று தச்சருக்குச் சொன்னேன். அன்ரி என்னோடு கதைக்காமல் தேத்தண்ணியைக் குடித்தார். இருபது நிமிடத்தில் இருபது வந்தது. மகள் எடுப்பதற்கு முன் அவரே போய் இரண்டு தரம் பார்த்தார்.